தொண்டைக்கும் இதயத்திற்கும் இடையே

நுழையும்முன்

தொண்டைவலி காணாத குழந்தை இல்லை. மிளகுப்பாலும் உப்புநீர்க் கொப்பளிப்புமாக நான்கைந்து நாள்களில் அது போய்விடுகிறது. அவ்வாறு போனவற்றுள் ஒரு சில, இரண்டு மூன்று வாரங்கள் கழித்து இதய அழற்சியாகத் திரும்பி வருகின்றன. ஐந்து முதல் பதினைந்து வயது வரையுள்ளோரை மிகுதியும் தாக்கும் அந்நோய் எவ்வாறு உண்டாகிறது, அதன் காரணத்தை மருத்துவர்கள் எவ்வாறு கண்டறிந்தனர், தடுக்க இயலும் என்று தெரிந்த பின்னும் அது ஏன் தொடர்கிறது என்பனவற்றை இப்பாடம் பேசுகிறது.

பத்து வயதுச் சிறுமி ஒருத்திக்குத் திடீரெனக் காய்ச்சல். எச்சில் விழுங்கவும் முடியாத தொண்டைவலி. கழுத்தின் இருபுறமும் நெறி கட்டியிருக்கிறது. மூன்று நாள் பள்ளிக்குச் செல்லவில்லை. நான்காம் நாள் எழுந்து விளையாடுகிறாள். வீட்டார் அதை மறந்துவிடுகின்றனர். ஏறத்தாழ மூன்று வாரங்கள் சென்றபின் அவளது வலது முழங்கால் வீங்கிச் சிவக்கிறது. போர்வை பட்டாலும் வலிக்கிறது. இரண்டொரு நாளில் அவ்வலி நீங்கி இடது கணுக்காலில் தோன்றுகிறது, பின்னர் முழங்கையில். விளையாடும்போது எங்கேனும் விழுந்திருப்பாள் என்று பெரியவர்கள் எண்ணுகின்றனர். மூட்டுவலி தானாகவே மறைந்தும் விடுகிறது. பல ஆண்டுகள் கழித்து, மாடிப்படி ஏறும்போது மூச்சுத் திணறி மருத்துவரிடம் செல்லும் நாளில்தான், இதயத்தின் வால்வு ஒன்று சுருங்கிப்போயிருப்பது தெரியவருகிறது.

மருத்துவ நூல்கள் கூறும் பொதுவான நோய்ப்போக்கு இது. தொண்டைவலி, மூட்டுவலி, மூச்சுத்திணறல் ஆகிய மூன்றும் ஒரே நோயின் மூன்று பருவங்கள் என்பதை அந்த வீட்டார் அறியாததில் வியப்பில்லை. மருத்துவ உலகம் அதை அறிந்துகொள்ளவே நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இந்நோயை மருத்துவர்கள் ருமாட்டிக் காய்ச்சல் என்பர். தமிழில் வாதக் காய்ச்சல் என வழங்குகிறோம். பெயர் சற்றே திசைதிருப்பக்கூடியது. வாதம் என்றவுடன் முதியோரின் மூட்டுத் தேய்மானமும் முடக்குவாதமும் நம் நினைவிற்கு வருகின்றன. வாதக் காய்ச்சலோ சிறுவர்களுக்கு வருவது. மூட்டுகளில் எந்தச் சேதத்தையும் விட்டுச் செல்லாதது. அது நிலையாகக் கெடுக்கும் உறுப்பு இதயம் ஒன்றே.

மணிகள் கோத்த பாக்டீரியா

தொண்டைவலிகளுள் பெரும்பாலானவை வைரசுகளால் உண்டாவன. மூக்கொழுகல், இருமல், குரல் கம்முதல் ஆகியவற்றோடு வரும் தொண்டைவலி பெரும்பாலும் அவ்வகையைச் சார்ந்தது. அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவையில்லை, கொடுத்தாலும் பயனில்லை. பள்ளி வயதுச் சிறுவரின் தொண்டைவலிகளில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது வரை ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’ என்னும் பாக்டீரியாவால் வருகின்றன. இருமலும் மூக்கொழுகலும் இன்றித் திடீரெனக் காய்ச்சல் அடிப்பதும், கழுத்தில் நெறி கட்டுவதும், உள்நாக்கின் இருபுறச் சதைகள் வீங்கி அவற்றின்மேல் வெண்படலம் படிவதும் அதன் அறிகுறிகள். எனினும் வெறும் பார்வையால் இவ்விரண்டையும் பிரித்தறிவது தேர்ந்த மருத்துவருக்கும் எளிதன்று. தொண்டைச் சளியைப் பஞ்சுக்குச்சியில் தொட்டெடுத்துச் சோதிப்பதே உறுதியான வழி.

உருண்டை வடிவப் பாக்டீரியாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மணிமாலைபோல் கோத்து நிற்பதைக் கண்ட அறுவை மருத்துவர் தியோடர் பில்ரோத், 1874ஆம் ஆண்டு இப்பெயரை ஆண்டார். முறுக்கிய சங்கிலி என்றும் கனிமணி என்றும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. பின்னர், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்பது ஓரினம் அன்று, பெருங்குடும்பம் எனத் தெரிந்தது. அக்குடும்பத்தைப் பகுத்துக் காட்டியவர் அமெரிக்காவின் ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ரெபெக்கா லான்ஸ்பீல்டு அம்மையார். பாக்டீரியாவின் செல்சுவரிலுள்ள மாவுப்பொருளின் வேறுபாட்டைக் கொண்டு அவற்றை ஏ, பி, சி எனப் பிரிவுகளாக அவர் 1933இல் வகுத்தார். தொண்டையைத் தாக்கி வாதக் காய்ச்சலுக்கு வித்திடுவது ஏ பிரிவு. அதன் மேற்பரப்பில் மயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கும் ‘எம்’ புரதத்தை ஆராய்ந்து, ஏ பிரிவிற்குள்ளேயே பல வகைகள் இருப்பதையும் அவர் காட்டினார். அவ்வகைகள் இருநூற்றுக்கு மேற்பட்டவை என்று இன்று கணக்கிடுகின்றனர். ஒரு வகையை வென்ற உடல் இன்னொரு வகைக்குப் புதிதாகத்தான் போராட வேண்டும். ஒரே குழந்தைக்குத் திரும்பத் திரும்பத் தொண்டைவலி வருவதற்கும், இந்நோய்க்கு இன்னும் தடுப்பூசி அமையாமைக்கும் இது ஒரு காரணம்.

ஆளறியாப் பிழை

வாதக் காய்ச்சல் கண்ட இதயத்தில் தேடினால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிடைப்பதில்லை. அது தொண்டையைத் தாண்டி வரவே இல்லை. அப்படியானால் இதயத்தைத் தாக்குவது எது?

நோய்க்கிருமி உடலில் நுழைந்ததும், அதன் மேற்பரப்பிலுள்ள பொருள்களை அடையாளம் கண்டு அவற்றோடு பொருந்தும் எதிர்ப்பொருள்களை உடல் உண்டாக்குகிறது. வெள்ளணுக்களையும் அவ்வடையாளத்திற்குப் பழக்குகிறது. இப்பணி முழுமைபெறச் சில வாரங்கள் ஆகின்றன. ஸ்ட்ரெப்டோகாக்கசின் ‘எம்’ புரதம் சுருண்ட இழை வடிவமுடையது. இதயத் தசையிலுள்ள மயோசின் என்னும் புரதமும் ஏறக்குறைய அவ்வடிவமே. பாக்டீரியாவின் சுவரிலுள்ள மாவுப்பொருளின் ஒரு கூறும் இதய வால்வின் மேற்படலப் பொருள்களை ஒத்திருக்கிறது. மரபுக்கூறு காரணமாக இதற்கு இடங்கொடுக்கும் சிலரது உடலில், பகைவனுக்காகப் பயிற்றுவிக்கப்பட்ட படை, பகைவன் மறைந்த பின்னும் அவன் சாயல் கொண்ட சொந்த வீட்டாரைத் தாக்கத் தொடங்குகிறது. தொண்டைவலிக்கும் மூட்டுவலிக்கும் இடையே அமையும் அந்த இரண்டு மூன்று வார அமைதி, படை பயிற்சி பெறும் காலமாகும். அறிவியலார் இதை மூலக்கூற்றுப் போலி என்பர்.

இத்தாக்குதல் இதயத்தின் மூன்று அடுக்குகளையும் பற்றுகிறது. வெளியுறையில் அழற்சி ஏற்பட்டால் நெஞ்சு வலிக்கும். தசையில் ஏற்பட்டால் துடிப்பு மிகுந்து இதயம் தளரும். இவ்விரண்டும் பெரும்பாலும் ஆறிவிடுகின்றன. உள்ளடுக்கிலும் அதன் மடிப்புகளாகிய வால்வுகளிலும் ஏற்படும் அழற்சியே வடுவாக நிலைத்துவிடுகிறது.

கண்டறிந்த கதை

நோயின் தனித்தனிக் கூறுகள் நெடுங்காலமாகத் தெரிந்தே இருந்தன. இங்கிலாந்தின் தாமஸ் சைடனம் 1686இல், சிறுவர்களின் கையும் காலும் முகமும் அவர்கள் விருப்பமின்றியே துள்ளித் துடிக்கும் நோயொன்றை வருணித்தார். நடனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாக அது கொரியா எனப் பெயர் பெற்றது. கொரிய நாட்டிற்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அதுவும் வாதக் காய்ச்சலின் ஒரு முகமே என்பதை அவர் அறியார். 1812இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ், மூட்டுவலி வந்தவர்களின் இதயம் கெடுவதைக் குறித்து எழுதினார். 1816இல் பிரான்சின் லென்னெக் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த பின்னரே உயிரோடிருப்பவரின் வால்வுக் கோளாற்றைக் காதால் கேட்டறிய முடிந்தது. அக்கருவியைத் துணைக்கொண்டு பூயோ என்னும் பிரெஞ்சு மருத்துவர், மூட்டழற்சியும் இதய அழற்சியும் இணைந்தே வரும் என்று 1836இல் நிறுவினார். மற்றொரு பிரெஞ்சு மருத்துவரான லசேக், மூட்டிடம் செல்லமாகக் குழைந்து இதயத்தில் பல்லைப் பதிக்கும் நாயை இந்நோய்க்கு உவமையாக்கினார். மருத்துவ மாணவர்கள் இன்றும் அவ்வுவமையைச் சொல்லியே இந்நோயை நினைவில் வைக்கின்றனர்.

தொண்டை மட்டும் கணக்கில் சேராமல் நெடுநாள் வெளியே நின்றது. இடையிலுள்ள மூன்று வாரங்களே அதற்குக் காரணம். நோயாளி மருத்துவரிடம் வரும்போது தொண்டை ஆறியிருக்கும். நோயாளருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தொண்டைவலி வந்த நினைவே இருப்பதில்லை. 1931இல்தான் நியூயார்க்கில் ஆல்வின் கோபர்னும் இலண்டனில் கோலிசும் தனித்தனியே ஆராய்ந்து, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைத் தொற்றைத் தொடர்ந்தே வாதக் காய்ச்சல் வருகிறது என்று காட்டினர்.

காரணம் தெரிந்தது, கண்டறியும் முறை வேண்டுமே. ஒரு சோதனை செய்து ‘ஆம்’, ‘இல்லை’ எனச் சொல்லிவிடக்கூடிய நோய் அன்று இது. பாஸ்டன் நகர மருத்துவர் டக்கெட் ஜோன்ஸ் 1944இல் அறிகுறிகளைப் பெரியன, சிறியன எனப் பிரித்து அளவுகோல் ஒன்றை வகுத்தார். இதய அழற்சி, இடம்மாறும் மூட்டழற்சி, கொரியா, தோலில் வளையம் வளையமாகத் தோன்றும் செம்மை, தோலுக்கடியில் வலியற்ற சிறு முடிச்சுகள் ஆகிய ஐந்தும் பெரிய அறிகுறிகள். காய்ச்சல் போன்றவை சிறியன. பலமுறை திருத்தம் பெற்று அந்த அளவுகோல் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

ஒரு படைமுகாமில்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படைமுகாம்களில் தொண்டைத் தொற்றும் வாதக் காய்ச்சலும் மிகுந்தன. நெருக்கமாகப் போட்ட கட்டில்களில் நூற்றுக்கணக்கான இளைஞர் உறங்கும் இடம், எச்சில் துளிகள்வழிப் பரவும் பாக்டீரியாவிற்கு வாய்ப்பான இடம். போருக்குப் பின்னும் அது ஓயவில்லை. வையோமிங் மாநிலத்தில் வாரன் கோட்டை என்னும் வான்படை முகாமில் ராமெல்கேம்ப், டென்னி, வனமேக்கர் முதலிய மருத்துவர்கள் ஆய்வுக்கூடம் அமைத்தனர். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைவலியோடு வந்த வீரர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பென்சிலின் கொடுத்தனர்; மறு பிரிவினருக்குக் கொடுக்கவில்லை. 1950இல் முடிவு வெளியாயிற்று. பென்சிலின் பெற்ற 798 பேரில் இருவருக்கு வாதக் காய்ச்சல் வந்தது. பெறாத 804 பேரில் 17 பேருக்கு வந்தது.

இவ்வெண்கள் இருவகையில் சிந்திக்கத்தக்கன. மருந்து பெறாதவர்களிலும் நூற்றுக்கு ஏறக்குறைய இருவர்தாம் நோயுற்றனர். ஒவ்வொரு தொண்டைவலியையும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பது இதனால் விளங்கும். அவ்விருவர் யார் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லாமையால், தொற்று உறுதியான அனைவருக்கும் மருந்து தர வேண்டியதாகிறது. பிறிதொன்றும் உண்டு. பயன்தரும் எனத் தெரிந்த மருந்தை ஒரு பிரிவினருக்குக் கொடாமல் நிறுத்தி அவர்களது நோயை எண்ணிப் பார்ப்பதை இன்றைய ஆய்வறம் ஏற்காது. இக்கண்டுபிடிப்பைப் போற்றுவோர், அந்தப் பதினேழு இளைஞரையும் சேர்த்தே நினைக்கக் கடமைப்பட்டுள்ளனர்.

அதே முகாமில் நடந்த தொடர் ஆய்வுகள் மேலும் ஒன்றை வெளிப்படுத்தின. தொண்டைவலி தொடங்கி ஒன்பது நாள்கள் கழித்து மருந்து தொடங்கினாலும் வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம். படை பயிற்சி முடிக்குமுன் பகைவனை முற்றாக அகற்றிவிட்டால் பிழை நேர்வதில்லை. ‘முற்றாக’ என்பதே இங்கு முக்கியம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைவலி மருந்தின்றியே ஐந்தாறு நாளில் தணியக்கூடியது. ஆகவே மாத்திரையால்தான் தணிந்ததா என்பதும் நோயாளிக்குத் தெரிவதில்லை. பத்து நாளுக்கு எழுதிக் கொடுத்த பென்சிலின் மாத்திரைகளை மூன்றாம் நாளே நிறுத்தி, மீதியை அடுத்த முறைக்கென அலமாரியில் வைப்பது பல வீடுகளில் காணும் வழக்கம். அந்த மீதி ஏழு நாள்தான் இதயத்திற்கான மருந்து.

ஒரு சதுர சென்டிமீட்டர்

இடது ஆரிக்கிளுக்கும் இடது வெண்ட்ரிக்கிளுக்கும் இடையிலுள்ளது ஈரிதழ் வால்வு. கிறித்தவ ஆயரின் கூம்புத் தலையணியை ஒத்திருப்பதால் அதற்கு மிட்ரல் என்றும் பெயர். நுரையீரலிலிருந்து தூய இரத்தம் இறங்கும்போது திறந்தும், வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது இறுக மூடியும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை அது இயங்குகிறது. வாதக் காய்ச்சலால் மிகுதியும் கெடுவது இவ்வால்வு. அடுத்த நிலையில் பெருந்தமனி வால்வு.

வளர்ந்தவரின் ஈரிதழ் வால்வு திறக்கும்போது அதன் வாய் நான்கு முதல் ஆறு சதுர சென்டிமீட்டர் பரப்புடையது. அழற்சி ஆறும்போது இதழ்களின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. இதழ்களைத் தாங்கும் நாண்கள் தடித்துக் குறுகுகின்றன. மீண்டும் தொண்டைத் தொற்று வந்தால் மீண்டும் அழற்சி, மேலும் வடு. வாயின் பரப்பு ஒன்றரைச் சதுர சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்கும்போது இரத்தம் முன்செல்ல இயலாமல் நுரையீரலில் தேங்குகிறது. நடந்தால் மூச்சிரைக்கும், பின்னர்ப் படுத்தாலும் இரைக்கும். சிலருக்கு வால்வு சுருங்காமல் மூடும் தன்மையை இழந்து இரத்தம் பின்னோக்கிக் கசியும்.

பெண்கள் பலருக்கு இக்கோளாறு முதன்முதலாக வெளிப்படுவது கருவுற்ற காலத்தில். அப்போது உடலின் இரத்த அளவு ஏறக்குறைய பாதி அளவு கூடுகிறது. அதுவரை சமாளித்துவந்த குறுகிய வாயால் அதைத் தாங்க முடிவதில்லை. பேறுகாலத்தில் தாயின் உயிருக்கே இடர் விளைவித்து, பத்து வயதில் வந்த தொண்டைவலி அப்போது கணக்குக் கேட்கிறது.

தெரியுமா?

வாதக் காய்ச்சலில் பாக்டீரியா இதயத்திற்குள் வருவதில்லை. ஆனால் வடுப்பட்ட வால்வில், வாயில் இயல்பாக வாழும் வேறுவகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இரத்தத்தின்வழி வந்து தங்கி வளர்வதுண்டு. இது இதய உள்ளுறை அழற்சி எனப்படும் தனி நோய். ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் வால்வில் பழுது இருப்பது 1907இல் தெரிந்தது. 1911இல் அவர் நியூயார்க்கில் காய்ச்சலுற்றபோது மருத்துவர்கள் அவரது இரத்தத்தை எடுத்துப் பாக்டீரியாவை வளர்த்துக் காட்டி நோயை உறுதிசெய்தனர். நோய் தெரிந்தது, மருந்து இல்லை. அவ்வாண்டு மே 18 அன்று வியன்னாவில் தம் ஐம்பதாம் வயதில் அவர் மறைந்தார். பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928இல். வால்வுப் பழுது உள்ளவர்கள் பற்களைத் தூய்மையாகப் பேண வேண்டும் என்றும், பல் பிடுங்குமுன் தம் இதயநோயைப் பல் மருத்துவரிடம் கூற வேண்டும் என்றும் மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்தியாவில்

மேலைநாடுகளில் வாதக் காய்ச்சல், பென்சிலின் வருமுன்பே குறையத் தொடங்கியிருந்தது. ஒரே அறையில் உறங்குவோரின் எண்ணிக்கை குறைந்ததும், காற்றோட்டமான வீடுகள் பெருகியதும், உணவு மேம்பட்டதும் அதற்குக் காரணங்கள். பென்சிலின் எஞ்சியதை முடித்துவைத்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் நிலைமை வேறாக இருந்தது. அதை உலகிற்கு எடுத்துரைத்தவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் மருத்துவர் எஸ். பத்மாவதி.

1917இல் பர்மாவில் பிறந்து ரங்கூன் மருத்துவக் கல்லூரியில் பயின்ற பத்மாவதி, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை பர்மாவில் புகுந்தபோது, தம் குடும்பப் பெண்களோடு கோயம்புத்தூர் வந்து போர் முடியும்வரை தங்கினார். பின்னர் இலண்டனிலும், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களிலும் உயர்கல்வி பெற்று, 1953இல் தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியரானார். இந்தியாவின் முதல் பெண் இதயநோய் வல்லுநர் என்று போற்றப்படுபவர். அவர் படித்த நாடுகளில் அருகிவந்த வாதக் காய்ச்சல் இதயநோய், இங்கே இதயநோய்ப் பிரிவின் படுக்கைகளை நிறைத்துக்கொண்டிருந்தது. அந்நோயை ஆராய்வதும் அதைத் தடுக்கும் முறைகளைப் பரப்புவதும் அவரது வாழ்நாள் பணிகளுள் ஒன்றாயின. 1962இல் அகில இந்திய இதய நிறுவனத்தைத் தோற்றுவித்தார். பத்ம விபூஷண் விருது பெற்றார். 2020இல் தம் 103ஆம் வயதில் மறைந்தார்.

மேலைநாட்டு நூல்கள், வாதக் காய்ச்சலுக்குப் பின் இருபது முப்பது ஆண்டுகள் கழித்தே வால்வு சுருங்கும் என்றன. இந்தியாவில் இருபது வயது நிரம்பாதவர்களிடமே கடுமையான சுருக்கம் காணப்படுவதை 1963இல் தில்லியின் சுஜாய் ராயும் அவர்தம் குழுவினரும் எழுதிக் காட்டினர். திரும்பத் திரும்பத் தாக்கும் தொற்று, முப்பது ஆண்டு செய்ய வேண்டிய கேட்டைச் சில ஆண்டுகளில் செய்துவிடுகிறது.

சுருங்கிய வால்வை விரிக்கும் அறுவை முறை ஒன்றுண்டு. துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் இடது ஆரிக்கிளில் சிறு துளையிட்டு, அறுவை மருத்துவர் தம் விரலை உட்செலுத்தி ஒட்டிய இதழ்களைப் பிரிப்பார். 1925இல் இலண்டனில் ஹென்றி சூட்டர் ஒரு பெண்ணிற்கு இதனை வெற்றியாகச் செய்தார். அடுத்த நோயாளியை எவரும் அவரிடம் அனுப்பவில்லை. இதயம் தொடக்கூடாத உறுப்பு என்னும் எண்ணம் அவ்வளவு வேரூன்றியிருந்தது. 1948இல் அமெரிக்காவில் அம்முறை மீண்டும் உயிர்பெற்றது. செலவு மிகுந்த இதய-நுரையீரல் எந்திரம் இதற்குத் தேவையில்லை ஆதலால் இந்தியாவிற்கு ஏற்றதாயிற்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர்கள் தாம் இம்முறையில் தொடர்ந்து மருத்துவம் செய்த 3,724 பேரைப் பற்றிய அறிக்கையை 1983இல் வெளியிட்டனர். அறுவைத் திறனுக்குச் சான்றாக உலகம் அந்த எண்ணை நோக்கியது. தொண்டைவலியின்போதே தடுத்திருக்கக்கூடிய நோய்க்காக ஒரே மருத்துவமனையில் நெஞ்சு திறக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையாகவும் அதனைக் காணலாம்.

இன்று காலின் இரத்தக்குழாய்வழிப் பலூன் செலுத்தி வால்வை விரிக்கின்றனர். ஜப்பானியர் கான்ஜி இனோவே தந்த முறை அது. விரிக்க இயலாத வால்வை நீக்கிச் செயற்கை வால்வு பொருத்துவர். இறக்குமதியான வால்வுகளின் விலை எளியோர்க்கு எட்டாதிருந்த நாளில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உள்நாட்டு வால்வு உருவாயிற்று. முதல் மூன்று வடிவங்கள் தோல்வியுற்றன. நான்காவது வடிவம் 1990 டிசம்பரில் முதன்முறையாக மனித இதயத்தில் பொருத்தப்பட்டது. ஆயினும் உலோக வால்வு பெற்றவர், இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்ண வேண்டும். அதன் அளவைச் சரிபார்க்க அடிக்கடி இரத்தச் சோதனையும் வேண்டும்.

மாதம் ஓர் ஊசி

முதல் வாதக் காய்ச்சலைத் தடுக்கத் தவறினாலும் காலம் கடந்துவிடுவதில்லை. ஒருமுறை நோயுற்றவருக்கு மறுபடியும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்தால், நோய் மீளும் வாய்ப்பு இருவரில் ஒருவர் என்னும் அளவிற்கு உயரக்கூடும். எனவே அவருக்குத் தொற்றே அணுகாமல் காக்க வேண்டும். மெல்ல மெல்லக் கரைந்து வாரக்கணக்கில் இரத்தத்தில் நிற்கும் பென்சதீன் பென்சிலின் இதற்கென்றே அமைந்தாற்போல் 1950களில் பயன்பாட்டிற்கு வந்தது. மூன்று அல்லது நான்கு வாரத்திற்கு ஒருமுறை தசையில் இடும் ஓர் ஊசி. வளர்ந்தவர்க்கு அளவு பன்னிரண்டு இலட்சம் அலகு. குறைந்தது ஐந்து ஆண்டுகள், இதயம் பாதிக்கப்பட்டிருந்தால் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ இதைத் தொடர வேண்டும். வேறு பல பாக்டீரியாக்கள் பென்சிலினை எதிர்க்கப் பழகிவிட்ட இக்காலத்தும், ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அதற்குக் கட்டுப்பட்டே இருக்கிறது.

மருந்து மலிவானது, செய்முறை எளியது. கோஸ்டாரிக்கா, கியூபா போன்ற பெருஞ்செல்வமில்லா நாடுகள் தொண்டைவலிக்கு உடனடி மருத்துவம், நோயுற்றோர் பதிவேடு, தவறாத ஊசி ஆகியவற்றைக் கொண்டே இந்நோயைப் பெரிதும் குறைத்துக் காட்டியுள்ளன. இருந்தும் ஏறத்தாழ ஐந்தரைக் கோடிப் பேர் இந்நோயோடு வாழ்வதாகவும், ஆண்டுதோறும் மூன்று இலட்சத்து அறுபதாயிரம் பேர் இறப்பதாகவும் உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிடுகிறது. மருந்தின் மலிவே அதற்குப் பகையாயிற்று. ஆதாயம் குறைந்ததால் அதனை உற்பத்தி செய்யும் நிறுவனங்கள் உலகில் மிகச் சிலவே. பல நாடுகளில் பற்றாக்குறை ஏற்பட்டதுண்டு. வால்வு மாற்றும் மருத்துவமனை கட்டப்படுவது செய்தியாகிறது. சிற்றூர் நலவாழ்வு நிலையத்தில் ஊசிமருந்து இருப்பு தீர்ந்தது செய்தியாவதில்லை.

ஊசி கடுமையாக வலிக்கும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மருந்து கெட்டியானது, இட்ட இடம் ஓரிரு நாள் கனக்கும். அரிதாகச் சிலருக்குக் கடும் ஒவ்வாமை நேரிடுவதால், அதனைச் சமாளிக்கும் வசதியுள்ள இடத்திலேயே இட வேண்டும். சிறுவராய் இருக்கும்வரை பெற்றோர் கைப்பிடித்து அழைத்துச் செல்கின்றனர். பதினாறு, பதினேழு வயதில், உடலில் எந்தத் தொல்லையும் தெரியாத நிலையில், தேர்வும் விடுதி வாழ்க்கையும் குறுக்கிட, ஊசிகள் தவறத் தொடங்குகின்றன. வகுப்பில் மாதம் ஒருநாள் காரணம் கூறாமல் விடுப்பு எடுக்கும் மாணவர் ஒருவர் இருக்கக்கூடும். அன்றைய பாடக்குறிப்பை மறுநாள் அவரிடம் கொடுப்பதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையச் செவிலியரைச் சந்தித்து, தொண்டைவலியோடு வரும் சிறுவரை எவ்வாறு சோதிக்கின்றனர், எத்தனை நாள் மருந்து தருகின்றனர் என்பதைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் நேர்காணலாக எழுதுக.

2. ‘வாதக் காய்ச்சல்’ என்னும் பெயர் நோயின் இயல்பைச் சரியாக உணர்த்துகிறதா? பொருத்தமான வேறு தமிழ்ப் பெயர் ஒன்றைப் படைத்து, அதற்கான காரணத்தை வகுப்பில் எடுத்துரைக்க.